திரையில் நாற்பத்தெட்டு, கண்ணாடியில் தண்ணீர் இல்லை

காலை பதினொன்று பத்துக்குக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் இருந்த எண் நாற்பத்தெட்டு. கொதிகலனுக்குள் தண்ணீர் ஏறக்குறையப் பாதியளவு இருக்கிறது என்று அதற்குப் பொருள். அதே நிமிடத்தில், திரையிலிருந்து பதினைந்து அடி தள்ளி, கொதிகலனின் மேல் தொட்டியில் பொருத்தியிருந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. இரண்டையும் நான் என் கண்ணால் பார்த்தேன். திரையை நம்பினேன்.

உங்கள் பயிற்சிக்காக என் அனுபவங்களில் சிலவற்றை எழுதித் தரும்படி கேட்டவர்கள், நன்றாக முடிந்த விஷயங்களாக இருந்தால் நல்லது என்றார்கள். அப்படியும் சில இருக்கின்றன. ஆனால் நீங்கள் நரம்பியல் வலையமைப்புகளை இயந்திரங்களின் கையில் கொடுக்கப் போகிறவர்கள். அதனால் இதிலிருந்து தொடங்குகிறேன். நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் விசில் சத்தம் கேட்டால் என் கை எதையாவது பிடித்துக்கொள்கிறது.

நான் மலேசியாவின் மலாக்காவில், பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். படிக்கும்போதும் வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளிலும் ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே செய்தி ஆசிரியராக இருந்தவர் என் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புவார்: "பார்த்ததா, கேட்டதா?" லாரி கவிழ்ந்ததை நான் பார்த்தேனா, அல்லது யாரோ சொன்னதைக் கேட்டேனா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் என்னிடமே கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

சம்பவம் நடந்தது பெம்பானுக்கு அப்பால், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில். பழக்குலைகளைப் பெரிய இரும்பு உருளைகளில் அடைத்து நீராவியில் வேகவைப்பார்கள். அந்த ஆவியைத் தருவது கொதிகலன். அதில் தண்ணீர் மட்டம் மிகவும் ஏறக்கூடாது, குறையவே கூடாது. குறைந்தால் நெருப்புக்கு மேல் இருக்கும் குழாய்கள் வெறுமையாகச் சிவந்து போகும். பிறகு என்ன நடக்கும் என்பதைக் கொதிகலன் பார்ப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே படத்தோடு காட்டிவிடுவார்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. உருளையின் ஆவி வால்வைத் திறந்து உள்ளே ஆவியை விட்டவுடன் கொதிகலனில் அழுத்தம் சட்டென்று இறங்கும். சோறு கொதிக்கும்போது நுரை மேலே வருவதுபோல உள்ளே குமிழிகள் பொங்கும். மட்டம் ஏறுவதாகத் தெரியும். உண்மையில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும். குமிழிகள் அடங்கியதும் மட்டம் தடாலென்று விழும். பழைய கட்டுப்பாட்டுக் கருவி இதில் அடிக்கடி தடுமாறி எச்சரிக்கை மணி அடிக்கும். அந்த இடத்தில் ஒரு நரம்பியல் வலையமைப்பை வைப்பதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. ஓராண்டுத் தரவுகளைக் கொடுத்துப் பழக்கினேன். பகல் ஷிஃப்டில் மட்டும் அதை ஓட்டுவோம், மற்ற நேரம் பழைய கருவி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துத் தரவுகளைச் சேர்த்து மீண்டும் பழக்குவோம்.

பகல் ஷிஃப்டில் கொதிகலனைப் பார்த்தவர் தனபாலன். என்னைவிட இரண்டு வயது இளையவர். நாங்கள் பிறந்தது ஒரே தோட்டம், ஒரே லயம், அதாவது ஒரே வீட்டு வரிசை. முதல் நாள் மேலாளரும் தலைமை அலுவலகத்து ஆட்களும் நிற்க, நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் நின்று கேட்டார். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தார்.

"அக்கா, இது படிச்சிக்கிட்டே இருக்கும்னீங்களே. பரீட்சையில பெயிலானா?"

"பெயிலானா அலாரம் அடிக்கும் பாலா."

"அலாரம் அடிச்சா பாய்லர்மேன வையிவாங்க. மிஷின யாரும் வைய மாட்டாங்கலா."

சிரித்தோம்.

மூன்று மாதத்தில் எச்சரிக்கை மணி ஒரு முறைகூட அடிக்கவில்லை. மட்டத்தின் கோடு மேசை விளிம்புபோல நேராக ஓடியது. நிலைத்தன்மை என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். தட்டிவிட்டால் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இன்னும் தூரமாக விலகினால் அது நிலையற்றது. உருளை திறந்தாலும் மூடினாலும் என் கோடு திரும்பி வந்தது. "நிலையானது" என்று அறிக்கையில் எழுதினேன்.

அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை மூன்று.

முதலாவது, திரையில் இருந்த எண். மட்டத்தை அளக்கும் கருவி தரும் எண் எப்போதும் துள்ளிக்கொண்டிருக்கும். வெளியாட்கள் வந்து பார்க்கும்போது அது நன்றாக இருக்காது என்று மேலாளர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதனால், உள்ளே உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று வலையமைப்பு கணிக்கிற எண்ணைத் திரையில் போட்டேன். அது துள்ளாது; எச்சரிக்கை மணியும் அந்த எண்ணையே பார்த்தது. செய்தி ஆசிரியரின் கணக்கில் அது பார்த்தது அல்ல, கேட்டது. அதுவும், யாரைப் பற்றிச் செய்தியோ அவரிடமே கேட்டது.

அடுத்தது, கொதிகலனுக்குள் போன தண்ணீரைவிட வெளியே வந்த ஆவி அதிகமாக இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும். இல்லாத தண்ணீர் ஆவியாகாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நீர் அளவி பிசகியிருக்கும் என்று முடிவு செய்து, கணக்கு சரியாக வருமாறு ஒரு திருத்த எண்ணைக் கூட்டிவிட்டேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்ட நேரம் இரண்டு நிமிடம்.

இன்னொன்று, தனபாலன் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. பொறுப்பானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மகத்துக்குப் பால்குடம் எடுக்க வேண்டியிருந்ததால் அவர் முதன்முதலாக இரண்டு நாள் விடுப்புக் கேட்டார். அவருக்குப் பதில் வேறு ஷிஃப்டிலிருந்து அஸ்மான் வந்தார். பாய்லர் டிக்கெட் என்கிற சான்றிதழ் பெற்ற கொதிகலன்காரர், அதிகம் பேசாதவர். காலையில் அவரிடம் மலாயில் நானே சொன்னேன்: எதையும் தொட வேண்டாம், அது தானாக ஓடும், நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

பதினொரு மணிக்கு முதல் உருளையைத் திறந்தார்கள். திரையில் மட்டம் ஐம்பது. நீர் வால்வின் திறப்பு நாற்பது சதவீதத்திலிருந்து பதினைந்துக்கு இறங்கியது. பிறகு அறுபதுக்கு ஏறியது. இரண்டாவது உருளையும் திறந்தது. வால்வு ஐந்துக்கு இறங்கி எண்பதுக்குப் போனது. ஒவ்வொரு ஊசலும் முந்தியதைவிடப் பெரிது. நிலையற்ற ஓர் அமைப்பு என் கண்ணெதிரே பாடப் புத்தகப் படத்தைப் போல ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் மட்டத்தின் எண் மட்டும் ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு என்று அமைதியாக இருந்தது.

"காக்," என்றார் அஸ்மான். அக்கா என்று அர்த்தம். "கிளாஸ் கோசோங்."

கண்ணாடி காலி.

எட்டிப் பார்த்தேன். குழாய் வெறுமையாக இருந்தது. தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் கண்ணாடியில் கோடு தெரியாது, ஒருவேளை அப்படி இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரை நாற்பத்தெட்டு என்கிறதே. "கொஞ்சம் பொறுங்கள், சரியாகிவிடும்" என்றேன்.

அப்போது விசில் அலறியது. அது என் கணினியோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. தொட்டிக்குள் மிதவை விழுந்தால் தானாக ஊதும் பழைய இரும்பு விசில். மூன்று மாதமாக அது ஊதியதில்லை. அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறிகள் தாமாக நின்றன. ஆனால் அடுப்பில் எரிவது செம்பனை நாரும் கொட்டை ஓடும். பொத்தானை அழுத்தினால் அணைகிற நெருப்பு அல்ல அது.

வலையமைப்பின் கணிப்பும் அப்போதுதான் சரிந்தது; அது நீர் வால்வை முழுதாக, நூறுக்குத் திறந்தது. காலித் தொட்டியை அது தன் பயிற்சியில் ஒரு தடவையும் கண்டதில்லை. தண்ணீர் குறைவு என்றால் தண்ணீர் விடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த நேரத்தில் எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

"புக்கா!" என்று கத்தினேன். திற. "தம்பா ஆயர்!" தண்ணீர் விடு.

அஸ்மான் ஓடினார். திறக்க ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீர்க் குழாயின் தலைமை வால்வைப் பிடித்து, தன் உடம்பின் முழு எடையையும் போட்டு, மூடினார்.

"தக் போலே, காக்!" முடியாது, கூடாது. "கெலுவார்! செமுவா கெலுவார்!" வெளியே போங்கள், எல்லோரும்.

சிவந்த குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது ஒரே நொடியில் ஆவியாகி, குழாயையும் தொட்டியையும் சுவரையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் தண்ணீர் விடக்கூடாது. கொதிகலன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. எனக்கும் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறேன். நான் போட்ட கூச்சலுக்கு அவர் கீழ்ப்படிந்திருந்தால் ஆலைக்குள் இருந்த பதினொரு பேரில் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம். எதையும் தொடாதே என்று காலையில் நான் இட்ட கட்டளையையும், திற என்று அப்போது இட்ட கட்டளையையும் ஒரே அசைவில் அவர் மீறினார்.

வெளியே எடைமேடைப் பக்கம் வெயிலில் நின்றோம். நெருப்பு தானாக அடங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் என் வாயில் இரும்பின் சுவை இருந்தது. உதட்டைக் கடித்திருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. அஸ்மானின் இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்திருந்தன. மருந்து போட வேண்டும் என்றேன். "நந்தி லா," பிறகு பார்க்கலாம், என்றார். கட்டடத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கொதிகலன் ஆறியிருந்தது. ஆறு குழாய்கள் வளைந்திருந்தன. மட்டத்தை அளக்கும் கருவி பழுதாகி, வலையமைப்பை ஏமாற்றிவிட்டது என்பது என் முதல் ஊகம். அறிக்கையின் வரைவிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். கருவியைக் கழற்றிச் சோதித்தோம். அதில் பிழையே இல்லை.

ஒன்பது மணிக்குத் தனபாலன் வந்து நின்றார். அது அவர் விடுப்பின் இரண்டாவது நாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். வளைந்த குழாய்களைக் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"அக்கா, யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?"

"ஆகல. அஸ்மான் கை மட்டும்."

"நேத்து ஆடுனப்ப பைபாஸ அவரு தொறக்கலயா?"

"எந்த பைபாஸ்?"

அவர் கொதிகலனின் பின்பக்கம் நடந்தார். நீர் வால்வைச் சுற்றிக்கொண்டு போகும் பக்கக் குழாய் ஒன்று உண்டு. வால்வு பழுதானால் கையால் தண்ணீர் விடுவதற்காக வைத்தது. அதற்கு ஒரு சின்னக் கைச்சக்கரம். சிவப்புப் பெயின்ட் அடித்தது. ஒரு பக்கத்தில் மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு, பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. மூன்று மாதமாக அதைக் கடந்து தினமும் நடந்திருக்கிறேன்.

"உருளை தொறக்கப் போறாங்கன்னா எனக்குச் சத்தத்துலயே தெரியும். அதுக்கு முன்னாடி கால் சுத்து தொறந்து விட்டுருவேன். அடங்குனதும் மூடிருவேன். அவ்ளோதான் அக்கா."

"எப்ப இருந்து?"

"மொத வாரத்துலேர்ந்து. மூணாவது நாளே அது ஆட ஆரம்பிச்சிருச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல பாலா?"

"அத்தன பெரிய ஆளுங்க முன்னாடி நின்னு நீங்க இங்கிலீஷ்ல பேசுனீங்க. பாய்லர் ரூம்ல எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நம்ம லயத்துப் பொண்ணு செஞ்ச மிஷின். அது பெயிலாச்சுன்னு என் ஷிஃப்டுலயா சொல்லணும்? நான் சொல்ல மாட்டேன்லா."

ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப லீவுல போகும்போதாவது அஸ்மான்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மூணு மாசமா நான் செய்யறத அது பாத்துக்கிட்டுதானே இருக்கு? சனிக்கிழமை சனிக்கிழமை படிக்குதுன்னீங்க. இந்நேரம் கத்துக்கிட்டிருக்கும்னு நெனச்சேன்."

அது கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் அவர் நினைத்ததற்கு நேர் எதிரானதை. பக்கக் குழாயில் அளவி எதுவும் இல்லை. அவர் கை வலையமைப்புக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: உருளை திறக்கும்போது வால்வை எவ்வளவு மூடினாலும் மட்டம் விழுவதில்லை, தண்ணீர் எங்கிருந்தோ வந்துவிடும். அதனால்தான் கருவி காட்டிய சரிவை நம்பாமல் நாற்பத்தெட்டு என்றே கணித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பாடத்தை நானே அதற்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு முன்பு அது கொஞ்சம் ஆடுகிற வலையமைப்பு. நேற்று அது தனபாலன் இல்லாமல் நிற்கவே முடியாத வலையமைப்பு.

வெளியே அளப்பவற்றைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிய முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நான் அதைக் கொதிகலனைப் பற்றி மட்டும் கேட்டேன். அதைச் சுற்றி நிற்கிற மனிதர்களும் அந்த அமைப்பின் உள்ளேதான் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் மிஞ்சிய அந்தக் கொஞ்சம் ஆவி தனபாலன்தான். தினமும் அவர் தரவுகளில் தென்பட்டுக்கொண்டிருந்தார். நான் திருத்த எண் போட்டு அவரை அழித்தேன்.

"அக்கா," என்றார். "எழுதப் போறீங்களா?"

"எழுதணும்."

"என் பேர் வந்தா டிக்கெட் போயிரும். பாய்லர் டிக்கெட் இல்லன்னா நான் என்ன செய்வேன்? சின்னவ இன்னும் படிச்சிக்கிட்டு இருக்கா." கை சந்தனத் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. "கருவி கெட்டுப்போச்சுன்னு எழுத முடியாதா? யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல?"

அந்த வரி ஏற்கெனவே என் வரைவில் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டால் போதும். மேலாளருக்கும் அதுதான் வசதி. அரை நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. அந்த அரை நிமிடத்தில்தான், முதல் நாளே நினைவுக்கு வந்திருக்க வேண்டியது நினைவுக்கு வந்தது. பெம்பானில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தலைமை அலுவலகம் அதே வலையமைப்பை, தனபாலனின் கையை நம்பிப் பழகிய அதே எண்களோடு, சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் உள்ள இன்னோர் ஆலையில் வைத்திருந்தது. அது ஓடத் தொடங்கிப் பதினோரு நாள். அங்கே தனபாலன் இல்லை. மணி ஒன்பதரை. பத்து மணிக்கெல்லாம் உருளை திறப்பார்கள்.

அந்த ஆலையின் எண்ணைப் போனில் தேடத் தொடங்கினேன். தனபாலன் போனை வாங்கி அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். அந்த ஆலையின் கொதிகலன்காரர் சேகர் எடுத்தார். இருவருக்கும் தெரிந்தவர்.

"சேகர், நான்தான் அக்கா, பெம்பான்லேர்ந்து பேசறேன். ஆட்டோவ நிறுத்திட்டு கையில எடுங்க. இப்பவே. உருளை தொறக்க வேணாம்னு சொல்லுங்க."

"என்னாச்சுக்கா? இங்க நல்லாத்தானே ஓடுது. பதினோரு நாளா ஒரு அலாரம் இல்ல."

"எப்படி இல்லாம இருக்கும்?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை. கணக்குப்படி அங்கே முதல் நாளே விசில் ஊதியிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் சேகர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. மொத நாளு ரொம்ப ஆடுச்சு. நான்தான் பைபாஸ் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருக்கேன். பெம்பான்ல மூணு மாசம் ஒரு அலாரம்கூட அடிக்கலன்னு மேனேஜர் மீட்டிங்ல சொன்னாரு. எங்க ஷிஃப்டுல மட்டும் அடிச்சா எங்களத்தானேக்கா கேப்பாங்க? சாப்பிடக்கூட நகர முடியல. நாளைக்கு லீவு போட்டிருக்கேன், தெரியும்ல, மச்சான் கல்யாணம்."

தனபாலன் போனை என்னிடம் தரவில்லை. வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில், "டேய் சேகரு, அக்கா சொல்றத மொதல்ல செய்டா, அப்பறம் பேசலாம்" என்றார். கைச்சக்கரம் சுற்றும் சத்தமும், யாரையோ நோக்கிச் சேகர் கத்துவதும் கேட்டன. ஆட்டோவை நிறுத்திவிட்டதாக அவர் வந்து சொல்லும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.

போனை வைத்த பிறகு தனபாலன் என் மேசையில் இருந்த அறிக்கையை எடுத்தார். ஆங்கிலம் அவருக்கு அதிகம் வராது. மட்டக் கருவியைக் குறிக்கும் சென்சார் என்ற சொல்லை மட்டும் விரலால் தேடிக் கண்டுபிடித்து, தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இத அடிச்சிருங்கக்கா. என் பேரப் போட்டு எழுதுங்க."

அடித்தேன். புதுத் தாளில் முதலில் என் பெயரையும், நான் இட்ட இரண்டு கட்டளைகளையும் எழுதினேன். அவர் பெயரை அதற்குக் கீழே எழுதும்போது, ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.